ரைமிங் சொற்களுக்கு ஒரு சுழல் அட்டை: அட்டை, ஸ்க்ரூ, கொஞ்சம் பைதான்

மாலையில் எங்கள் மாடிக்குப் படிக்க வரும் பிள்ளைகளுக்காக ஆங்கில ரைமிங் சொற்களையும் அவற்றின் தமிழ்ப் பொருளையும் சேர்த்துக் காட்டும் ஒரு சுழல் அட்டை செய்யலாம் என்றுதான் ஆரம்பித்தேன். நாலாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பு வரை வருகிறார்கள், அக்கா மகளும் அதில் ஒருத்தி. வேலை பாதியில் வேறு பக்கம் போய், கடைசியில் இரண்டு சாமான்களாக முடிந்தது: ஒரு சக்கரம், ஒரு வளையத்தில் கோத்த சீட்டுக்கட்டு. இரண்டும் பிள்ளைகள் கையில் கிழியாமல் ஓடுவதால், வேறு யாராவது செய்ய நினைத்தால் உதவட்டும் என்று அளவுகளோடு எழுதுகிறேன்.

கடையில் சார்ட் கிடைக்காமல் இல்லை. கிடைக்கும் சார்ட்டில் கேட், பேட், ரேட், மேட் என்று சொற்கள் வரிசையாக இருக்கும், பக்கத்தில் படம் இருக்கும், பொருள் இருக்காது. பிள்ளைகள் ராகம் போட்டு ஒப்பித்துவிடுவார்கள். நடுவில் நிறுத்தி "மேட்னா என்னடா?" என்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சை வரைக்கும் பாட்டைக் கொடுத்து ரைமிங் சொற்களை எடுத்து எழுதச் சொல்கிறார்கள், அங்கேயும் கடைசி எழுத்துகளைப் பார்த்தே மார்க் வாங்கிவிடலாம். எனக்குச் சொல்லும் பொருளும் ஒரே திருப்பலில் கண்ணில் படவேண்டும்.

அமைப்பு எளிது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வட்டம். மேல் வட்டத்தில் மாறாத பின்பகுதி, அதாவது ஏ-டி என்ற இரண்டு எழுத்து. அதற்கு இடப்பக்கம் ஒரு ஜன்னல். கீழ் வட்டத்தைத் திருப்பினால் ஜன்னலில் பி, சி, எஃப், எச், எம், பி, ஆர், எஸ் என்று முன்னெழுத்து மாறும். பேட், கேட், ஃபேட், ஹேட், மேட், பேட், ரேட், சேட்: மட்டை, பூனை, கொழுப்பு, தொப்பி, பாய், தட்டிக்கொடு, எலி, உட்கார்ந்தான். இதில் பேட் இரண்டு முறை வருகிறதே என்று கேட்பீர்கள். அந்த விவகாரம் பின்னால் வருகிறது, அதுதான் பெரிய விவகாரம்.

பொருளுக்கு வலப்பக்கம் இரண்டாவது ஜன்னல். முதலில் கையால் வரைந்த மாதிரியில் எழுத்தையும் பொருளையும் மையத்திலிருந்து ஒரே தூரத்தில் எதிரும் புதிருமாக எழுதினேன். சி என்ற எழுத்து இடது ஜன்னலுக்கு வரும்போது பூனை வலது ஜன்னலில் தெரிந்தது, சரி. அரை வட்டம் திருப்பியதும் பூனை தலைகீழாக இடது ஜன்னலுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. எழுத்துக்கு ஒரு வளையம், பொருளுக்கு வேறு வளையம் என்று பிரித்தால்தான் வேலை நடக்கும். எழுத்து வெளிவளையத்தில், பொருள் உள்வளையத்தில்.

கடைசியில் நின்ற அளவுகள்: கீழ் வட்டம் 14 செ.மீ. விட்டம், மேல் வட்டம் 13 செ.மீ. அந்த அரை சென்டிமீட்டர் ஓரம் விரலால் பிடித்துத் திருப்புவதற்கு. ஏ4 தாளின் நீளம் 29.7 செ.மீ. என்பதால் இரண்டு வட்டமும் ஒரே தாளில் அடங்கிவிடும், ஒரு தாளுக்கு ஒரு சக்கரம். எழுத்து ஜன்னல் மையத்திலிருந்து 5 செ.மீ.யில் ஆரம்பித்து 6.2 வரை. பொருள் ஜன்னல் 1.8 செ.மீ.யிலிருந்து 4.8 வரை, உயரம் 1.2 செ.மீ. எழுத்து 24 புள்ளி, தமிழ்ப் பொருள் 11 புள்ளி. 11 புள்ளியில் இரண்டு வரி வரை அந்த ஜன்னலுக்குள் நிற்கும். பேட் என்றால் மட்டையும் உண்டு, வௌவாலும் உண்டு என்பதால் இரண்டு வரி கட்டாயம் தேவைப்பட்டது.

ஒரு சக்கரத்துக்கு எட்டுச் சொல்தான். பன்னிரண்டு வைத்துப் பார்த்தேன். வெளிவளையத்தில் இடம் தாராளமாக இருந்தது, உள்வளையம் மையத்தை நெருங்க நெருங்கக் குறுகுவதால் எலி தெரியும்போது பக்கத்துப் பாயின் கால் பாகமும் எட்டிப் பார்த்தது. ஜன்னல் உயரத்தை ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே குறைத்தால் சரியாகும், ஆனால் அப்புறம் இரண்டு வரி நிற்காது. எட்டோடு நிறுத்திக்கொண்டேன். ஏ-கே-ஈ என்று முடிபவை பேக், கேக், லேக், மேக், ரேக், டேக், வேக், ஸ்நேக் என்று கச்சிதமாக எட்டு வரும். ஐ-ஜி-எச்-டி என்று முடிபவையும் லைட், நைட், ரைட், டைட், ஃபைட், சைட், மைட், ப்ரைட் என்று எட்டு.

வரைவதற்கு இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள் போதும், இலவசம். ஒரு எழுத்தையும் அதன் பொருளையும் நேர்க்கோட்டில் வைத்து, இரண்டையும் ஒரு குழுவாக்கி, மையத்தை வட்டத்தின் நடுவுக்கு நகர்த்தி, 45 பாகை சுழற்றிச் சுழற்றி நகல் எடுத்தால் எட்டு இடமும் தானாக வந்துவிடும். ஒவ்வொன்றிலும் சொல்லை மாற்றினால் முடிந்தது. கையால் எழுதுவதானால் பாகைமானி வைத்துக் கோடு போட்டுக்கொள்ளுங்கள், உத்தேசமாகப் பிரித்தால் ஏழாவது சொல்லில் ஜன்னல் விலகிப் போகும்.

அட்டைக்குக் காசே இல்லை. வீட்டில் கிடந்த கல்யாணப் பத்திரிகைகள்தான். வழவழப்பாகப் பூச்சுப் போட்ட கெட்டி அட்டை நல்லது. வெல்வெட் மாதிரி இருப்பதில் எதுவும் ஒட்டாது, பிள்ளையார் பொன்னிறத்தில் புடைத்துக்கொண்டிருக்கும் பத்திரிகையும் ஆகாது, அந்தப் புடைப்பு மேல் வட்டத்தில் இடிக்கும். முதலில் சாதாரணத் தாளில் அச்சடித்து ஃபெவிகால் தடவி ஒட்டினேன். ஈரத்தில் அட்டை அப்பளமாக வளைந்துவிட்டது, மேலே அகராதியை வைத்து ஒரு ராத்திரி அழுத்தியும் முழுசாக நிமிரவில்லை. அப்புறம் ஏ4 ஸ்டிக்கர் ஷீட்டில் அச்சடித்து ஒட்டினேன். ஈரமும் இல்லை, வளைவும் இல்லை. ஜெராக்ஸ் கடையில் ஸ்டிக்கர் ஷீட்டில் கறுப்பு வெள்ளைப் பிரின்ட் 15 ரூபாய், கலர் என்றால் 25.

மையத்தில் என்ன போடுவது என்பதில்தான் நிறைய நேரம் போனது. நூல் முடிச்சு ஒரே நாளில் தளர்ந்தது. ஐலெட் என்ற சின்ன உலோக வளையத்தை அடித்தால் இரண்டு வட்டமும் கவ்விக்கொண்டு திரும்ப மறுத்தன, லேசாக அடித்தால் ஆடியது, ஜன்னலுக்கும் எழுத்துக்கும் நேர் வரவில்லை. ஹார்டுவேர் கடையில் 3 மி.மீ. தடிமன், 10 மி.மீ. நீள ஸ்க்ரூ, இரண்டு வாஷர், இரண்டு நட்டு வாங்கிப் போட்டதும் பிரச்சினை தீர்ந்தது. முதல் நட்டைத் திரும்பும் அளவுக்கு மட்டும் முடுக்கி, இரண்டாவது நட்டை அதன்மேல் இறுக்கினால் முதலாவது நகராது. செட் 5 ரூபாய். கழற்றி வேறு வட்டம் மாட்டலாம் என்பது கூடுதல் லாபம். ஓட்டையைக் கத்தரி முனையால் குத்தாதீர்கள், ஓட்டை நீள்வட்டமாகிவிடும். 3 மி.மீ. ட்ரில் பிட்டைக் கையால் பிடித்தே திருகினால் சுத்தமான ஓட்டை விழும். ஜன்னல்களை வட்டம் வெட்டுவதற்கு முன்பே ஸ்டீல் ஸ்கேல் வைத்துக் கட்டரால் வெட்டிவிடுங்கள், பின்னால் வெட்டினால் பிடிக்க இடமிருக்காது.

ஆக ஒரு சக்கரம் 20 முதல் 30 ரூபாய்க்குள். மெக்கானிகல் வேலை அவ்வளவுதான். உண்மையான தகராறு ஆங்கிலத்தோடு.

ஏ-டி, ஏ-கே-ஈ, ஐ-என்-ஜி, ஈ-எல்-எல் என்று போனவரை நன்றாகத்தான் போனது. ஈ-எல்-எல் சக்கரத்தில் செல் என்று இரண்டு வந்தது, ஒன்று சி-யில் தொடங்கும் சிற்றறை, இன்னொன்று எஸ்-ஸில் தொடங்கும் விற்பனை. ஒலி ஒன்றே. இது ரைம் ஆகாது, ஒரே சொல்லை இரண்டு முறை சொன்ன மாதிரிதான் காதுக்கு. ஆனாலும் பொருள் ஜன்னல் இருப்பதால் அதையும் வைத்துக்கொண்டேன்.

அடுத்து ஓ-ஓ-டி சக்கரம். ஃபூட், மூட் ஒரு ஒலி. குட், வுட், ஹுட், ஸ்டுட் இன்னொன்று. ப்ளட், ஃப்ளட் மூன்றாவது. சக்கரம் ஒன்று, குடும்பம் மூன்று. ஓ-வி-ஈ போட்டால் லவ், டவ், க்ளவ் ஒரு பக்கம், மூவ், ப்ரூவ் ஒரு பக்கம், ஸ்டோவ், ட்ரோவ் இன்னொரு பக்கம். ஓ-என்-ஈ யில் எலும்பும் கல்லும் போன், ஸ்டோன் என்று சேர்ந்து நிற்க, டன்னும் கானும் தனித்தனியாகப் போய்விட்டன. ஈ-ஏ-ஆர் இன்னும் மோசம். ஹியர், நியர், ஃபியர், இயர் என்று போய்க்கொண்டிருக்கும்போது கரடி பேர் என்று வந்து நிற்கிறது. அந்தச் சக்கரத்தில் டி-யைத் திருப்பினால் கண்ணீர் என்ற பொருளில் டியர், கிழி என்ற பொருளில் டேர். ஒரே எழுத்துகள், இரண்டு குடும்பத்திலும் ரேஷன் கார்டு. ஓ-யூ-ஜி-எச் பற்றிப் பேச வேண்டாம். காஃப், டஃப், தோ, த்ரூ, பௌ. இருமல், கடினம், இருந்தாலும், ஊடாக, மரக்கிளை. ஐந்தும் ஐந்து திசை.

ஆங்கிலத்தில் எழுத்து நின்றுவிட்டது, உச்சரிப்பு நடந்துகொண்டே இருந்தது, இது எல்லாரும் அறிந்ததுதான். எனக்கு வேண்டியது காரணம் இல்லை, எந்தெந்தச் சொல் எந்தெந்தச் சொல்லோடு காதால் சேரும் என்ற பட்டியல். இங்கேதான் வேலை கம்ப்யூட்டருக்குப் போனது.

அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் ஒரு உச்சரிப்பு அகராதியை இலவசமாக வைத்திருக்கிறது. ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பு, 1,34,000 சொற்களுக்கு மேல். ஒவ்வொரு வரியிலும் சொல், அதன் எதிரே ஒலிக்குறிகள். மொத்தம் 39 ஒலிகள்தான். உயிரொலிகளின் வாலில் 0, 1, 2 என்று ஒரு எண் ஒட்டியிருக்கும்: 1 என்றால் அழுத்தம் அங்கே விழுகிறது, 2 என்றால் கொஞ்சம் அழுத்தம், 0 என்றால் இல்லை. பைதான் என்ற கணினி மொழியில் முப்பது வரிக்குள் வேலை முடியும். கோப்பைப் படி, ஒவ்வொரு சொல்லின் வாலை வெட்டு, ஒரே வால் உள்ளவற்றை ஒரு கூடையில் போடு.

வாலை எங்கே வெட்டுவது என்பதில்தான் சூட்சுமம். கடைசி உயிரொலியிலிருந்து வெட்டச் சொன்னபோது டேபிள், ஆப்பிள், பாட்டில், லிட்டில் எல்லாம் ஒரே கூடையில் விழுந்தன, கடைசி ஒலி ஒன்றுதானே. காதுக்கு அவை சேரவே சேராது. அழுத்தம் விழும் கடைசி உயிரொலியிலிருந்து, அதாவது வாலில் 1 அல்லது 2 உள்ள இடத்திலிருந்து வெட்டினால்தான் டேபிளுக்கு கேபிள், ஸ்டேபிள் என்று சரியான கூட்டாளிகள் வருகிறார்கள். பட்டருக்கு கட்டர், மட்டர், ஷட்டர்.

அதே அகராதியில் டேர், டியர் மாதிரிச் சொற்களின் இரண்டாவது உச்சரிப்பு, சொல்லின் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் எண் போட்டுத் தனி வரியாக இருக்கும். அந்த எண்ணை நீக்கிவிட்டுப் படிக்கச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் கண்ணீர் காணாமல் போகும்.

வந்த பட்டியலைப் பார்த்தால் பாதி அமெரிக்கக் குடும்பப் பெயர்கள். அந்த அகராதியில் ஆட்பெயர், ஊர்ப்பெயர் எல்லாம் கலந்து கிடக்கின்றன. பிள்ளைகளின் பாடப்புத்தகங்களில் வரும் சொற்களை ஒரு கோப்பில் தட்டச்சு செய்து, அதில் இருப்பவை மட்டும் வரட்டும் என்று வடிகட்டினேன். அலுப்பான வேலை, ஆனால் இதைச் செய்யாமல் பட்டியல் எதற்கும் உதவாது.

இன்னொரு சங்கதி, அது அமெரிக்க உச்சரிப்பு. க்ளார்க் என்பதை அது வொர்க், ஜெர்க் கூட்டத்தில் சேர்த்துவிட்டது, அவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். நமக்கு அது பார்க், டார்க், மார்க் கூட்டம், நம் ஊரில் தாலுகா ஆபீஸ் போய் வந்த எவரும் க்ளர்க் என்று சொல்லமாட்டார்கள். ஆங்கில எழுத்து வரிசையின் கடைசி எழுத்தும் அப்படியே. நமக்கு இஸட், பெட், ரெட் பக்கத்தில் வரும். அவர்களுக்கு ஸீ, பீ, ட்ரீ பக்கத்தில். இப்படிப்பட்டவற்றைக் கையால்தான் மாற்றினேன்.

இப்போது அந்த இரண்டு பேட் விவகாரம். முதல் சக்கரங்களில் பொருளோடு உச்சரிப்பையும் தமிழில் அச்சடித்திருந்தேன், சின்னப் பிள்ளைகளுக்கு உதவுமே என்று. ஒரு நாள் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் ரைமிங் ஜோடி எழுதச் சொன்னதற்கு முதுகையும் பையையும் ஜோடி சேர்த்திருந்தான். "மாமா, ரெண்டும் பேக்தானே" என்றான். அவன் சொன்னதில் தமிழ் எழுத்துப்படி ஒரு தப்பும் இல்லை. சி-கே யில் முடியும் முதுகும் ஜி-யில் முடியும் பையும் நமக்கு ஒரே பேக். தொப்பியும் வாடகைக் காரும் கேப். இருக்கையும் விதையும் சீட். மட்டையும் தட்டிக்கொடுப்பதும் பேட் ஆனதும் இப்படித்தான். தமிழில் க, ட, ப ஒவ்வொன்றும் இரண்டு ஒலிக்கு வேலை பார்ப்பதால், பொருந்தாத சொற்களைப் பொருந்துவதாக என் அட்டையே சொல்லிக்கொடுத்திருக்கிறது. ஆங்கிலத்தில் முதுகு, கறுப்பு என்ற ப்ளேக், சாக்கு என்ற சேக் கூட்டம். பை, கொடி என்ற ஃப்ளேக், அடையாளச் சீட்டு என்ற டேக் கூட்டம்.

அச்சிலிருந்து தமிழ் உச்சரிப்பைத் தூக்கிவிட்டேன். தமிழில் பொருள் மட்டும். ஒலியைக் காதுக்கும் கைக்கும் விட்டாயிற்று. தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு பை என்ற பேக்கைச் சொன்னால் கடைசிவரை அதிரும், உயிரொலியும் கொஞ்சம் இழுபடும். முதுகு என்ற பேக்கில் அதிர்வு பட்டென்று நின்றுவிடும். இதைச் செய்துகாட்டிய அன்று மாடி முழுவதும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு பேக் பேக் என்று கத்தினார்கள், கீழ்வீட்டு அக்கா என்ன என்று பார்க்க மேலே வந்துவிட்டார். இன்னொரு நோய் புக்கு, குக்கு, பஸ்ஸு என்று எல்லாவற்றுக்கும் ஒரு உகரம் சேர்ப்பது. அப்படிச் சொன்னால் உலகத்தில் உள்ள எல்லாச் சொல்லும் எல்லாவற்றோடும் ரைம் ஆகிவிடும்.

பெரிய பிள்ளைகள் எதுகையைக் கொண்டுவந்தார்கள். அகர, பகவன் என்று இரண்டாம் எழுத்து ஒன்றுவதைத் தமிழ் வகுப்பில் படித்திருக்கிறார்கள் அல்லவா, அதே கண்ணோடு ஆங்கிலச் சொல்லின் முன்பக்கத்தையே பார்த்தார்கள். இங்கே பார்க்கவேண்டியது வால்பக்கம், நம் இயைபு மாதிரி என்று சொன்னதும் பிடித்துக்கொண்டார்கள். பாக்கெட், ராக்கெட், மனி, ஹனி மாதிரி இரண்டசைச் சொற்களில் எதுகையும் ரைமும் ஒரே இடத்தில் விழுவது அவர்களுக்குப் பெரிய சந்தோஷம்.

சக்கரத்தால் எழுத்து மாறாத குடும்பத்தைத்தான் காட்டமுடியும் என்று ஆனபிறகு, ஒலி ஒன்று எழுத்து பல என்ற குடும்பங்களுக்குச் சீட்டுக்கட்டு செய்தேன். 9 செ.மீ.க்கு 5 செ.மீ. அளவு, மூலையில் பஞ்ச் ஓட்டை, ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் திறந்து மூடும் வளையம், ஒன்று 10 ரூபாய். முன்பக்கம் சொல், பின்பக்கம் பொருள். ஒரு வளையத்துக்கு ஒரு ஒலி, ஓரத்தில் அந்த ஒலிக்கு ஒரு நிறம். இதில் எனக்குப் பிடித்தது ஊ வளையம்: ப்ளூ நீலம், ஷூ காலணி, டூ இரண்டு, ஹூ யார், யூ நீ, த்ரூ ஊடாக, ச்சூ மெல், ஸூ மிருகக்காட்சிசாலை. எட்டுச் சீட்டையும் மேசையில் பரப்பி வைத்தால் எழுத்தில் ஒன்றுக்கொன்று சொந்தமே இல்லாதவர்கள். வாயால் சொன்னால் ஒரே குடும்பம். ஏர் வளையத்தில் கரடி, முடி, நாற்காலி, அங்கே, வாரிசு எல்லாம் வந்தன. எடையும் உயரமும் சேராது என்பதும் இங்கேதான் தெளிவானது. வெயிட், எயிட்டோடு போகும். ஹைட், லைட்டோடு போகும். எழுத்தைப் பார்த்தால் எடையும் உயரமும் அச்சு அசல் ஒன்று.

டேர், டியர் மாதிரி இரட்டை ஆசாமிகளுக்கு இரண்டு வளையத்திலும் சீட்டு, ஓரத்தில் இரண்டு நிறமும். அம்புவில் என்றால் போ, குனிந்து வணங்கினால் பௌ, அதற்கும் அப்படியே.

மன்த் என்ற சொல்லுக்கு வளையம் போட முயன்றேன், ஒரு சீட்டோடு நின்றுவிட்டது. புழக்கத்தில் உள்ள ஆங்கிலத்தில் அதற்கு முழு ரைம் கிடையாது. ஆரஞ்சுக்கு வேல்ஸ் நாட்டில் ப்ளாரஞ்ச் என்று ஒரு மலை இருக்கிறது, புழக்கத்தில் வேறு துணை இல்லை. இந்த ஒற்றைச் சீட்டுகளைத் தனியாக ஒரு வளையத்தில் கோத்தேன், பிள்ளைகள் அதற்கு அனாதை வளையம் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அடுத்த முறை செய்தால் சிலவற்றை மாற்றுவேன். ஸ்டிக்கர் ஷீட்டின்மேல் விரல்பட்டு மை அழிகிறது, குறிப்பாகக் கீழ் வட்டத்தின் ஓரத்தில். அச்சடித்ததும் மேலே அகல செல்லோ டேப் ஒட்டிவிட்டு அப்புறம் வெட்டவேண்டும். லாமினேஷன் சரிவராது, இரண்டு வழவழப்பும் சேர்ந்து சக்கரம் தானாகச் சுற்றி ஜன்னல் விலகுகிறது. கறுப்பு மையிலேயே எடுத்து, ஒலிக்கான நிறத்தை ஸ்கெட்ச் பேனாவால் போட்டால் செலவு குறையும். வளையச் சீட்டுகளுக்குக் கல்யாணப் பத்திரிகை கொஞ்சம் தடிமன் அதிகம், இருபது சீட்டுக்கு மேல் வளையம் மூடமாட்டேன் என்கிறது. விசிட்டிங் கார்டு அட்டை வாங்கிக்கொள்வது நல்லது.

சக்கரத்தில் பொருளில்லாத சேர்க்கைகளுக்கும் ஒன்றிரண்டு இடம் விடலாம் என்று நினைக்கிறேன். வட்டம் மாற்றி மாட்டும்போது ஏ-டி யோடு இஸட் வந்து நின்று, ஸேட் என்ற இல்லாத சொல் உருவானது, பொருள் ஜன்னல் காலி. அன்று அதற்குப் பொருள் கற்பிப்பதில் அக்கா மகள் காட்டிய ஆர்வத்தை எலியிடமும் பாயிடமும் அவள் காட்டியதில்லை.

இப்போது மேசையில் இருப்பது ஒரு பட்டை. கேப்பின் வாலில் ஈ சேர்ந்தால் கேப், அதாவது தொப்பி போய்த் தோள்மேல் போடும் அங்கி வரும். பின் என்ற குண்டூசி பைன் மரமாகும். கிட் என்ற சாமான் தொகுப்பு கைட் என்ற பட்டமாகும். 18 செ.மீ. நீளப் பட்டையில் மூன்றெழுத்துச் சொல், வலது முனையில் மடித்து மூடும் 2.5 செ.மீ. மடல், அதில் ஈ. மடலை மூடினால் பொருளும் மாறவேண்டும் என்பதால் மடலின் உள்பக்கம் ஒரு பொருள், அதன் அடியில் இன்னொன்று. மடிப்பு இரண்டு நாளில் பிய்ந்துவிடுகிறது, துணி டேப் ஒட்டிப் பார்க்கவேண்டும்.